நிரூபணத்தில் இடம் பெறாத வில்லன்

நாவல் எழுதுகிறவனுக்குச் சங்கேத சாஸ்திரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு கணிதத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. ஆனாலும் சில மாதங்களாக அந்தத் துறையைச் சேர்ந்த கட்டுரைகளை, புரியாத சூத்திரங்களைத் தாண்டித் தாண்டி, விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் எனக்கு ருசி ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வில்லன் வருகிறான். அவனுக்கு என்னென்ன தெரியும், அவனால் என்னென்ன செய்ய முடியும் என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். கடைசிப் பக்கத்தில் அவன் தோற்றே தீர வேண்டும் என்று நிரூபித்தும் விடுகிறார். என் தொழிலும் ஏறக்குறைய இதுதான்!

வில்லன் தோற்றவுடன் நல்ல வாசகன் கை தட்டிவிடுவதில்லை. நியாயமாகத் தோற்றானா, அல்லது ஆசிரியர் அவன் கையைக் கட்டிப் போட்டுவிட்டுத் தோற்கடித்தாரா என்று பார்க்கிறான். டிஜிட்டல் கையெழுத்துக்கு எழுதப்படும் பாதுகாப்பு நிரூபணங்களையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மையால் போடும் கையெழுத்து எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து அப்படியல்ல. பத்திரத்தையும் ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எடுக்கிற விடை அது. பத்திரத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கையெழுத்து செல்லாது. கையெழுத்திடுகிறவரிடம் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று ரகசியச் சாவி. அதைக் கொண்டு கையெழுத்திடுகிறார். மற்றது ஊரறிந்த சாவி. அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் கையெழுத்தைச் சரிபார்க்கலாம். ஊரறிந்ததைப் பார்த்து ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதே ஏற்பாட்டின் உயிர்நாடி. இந்த யோசனையை 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதைச் செயலாக்க ஒரு வழி கண்டார்கள். இன்று நம் செல்போன் புது மென்பொருளை ஏற்றிக்கொள்வதும், வங்கியின் வலைத்தளம் உண்மையான வங்கியுடையதுதான் என்று நம்புவதும் இத்தகைய கையெழுத்துக்களை வைத்துத்தான்.

வில்லன் முழு உருவம் பெற்றது 1988-ல். கோல்ட்வாஸர், மிக்காலி, ரிவெஸ்ட் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. வெறுமனே "கள்ளக் கையெழுத்துப் போட முடியாது" என்று சொன்னால் போதுமா? யாரால் முடியாது, எந்த நிலையில் முடியாது? அவர்கள் அதற்குத் தெளிவான ஓர் இலக்கணம் வகுத்தார்கள். வில்லனுக்குச் சலுகைகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். தான் விரும்பிய பத்திரங்களையெல்லாம் உரியவரிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டு அதற்குத் தகுந்தபடி அடுத்ததைத் தேர்ந்தெடுக்கலாம். இதெல்லாம் முடிந்த பிறகு, உரியவர் கையெழுத்திடாத ஒரே ஒரு புதுப் பத்திரத்தில், அது வெறும் உளறலாக இருந்தாலும் சரி, செல்லுபடியாகும் கையெழுத்தை அவன் உண்டாக்கிவிட்டால் அவன் ஜெயித்தவன். இப்படிப்பட்டவனும் தோற்க வேண்டும் என்றார்கள். பாத்திரப் படைப்பு என்ற முறையில் இதை மனமாரப் பாராட்டுகிறேன். எதிரிக்கு இவ்வளவு இடம் கொடுத்து எழுதும் துணிச்சல் நம் நாவலாசிரியர்களில் பலருக்கு இல்லை.

அவன் தோற்பதை எப்படி நிரூபிக்கிறார்கள்? நேர்வழியில் அல்ல. அவன் ஜெயிப்பதாகவே வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பிக்கிறார்கள். அப்படியானால் அவனை வேலைக்காரனாக அமர்த்திக்கொண்டு, உலகத்தில் யாராலும் போட முடியாத ஒரு கணக்கை நாம் போட்டுவிடலாம் என்று காட்டுகிறார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணை மறுபடி பிரித்துக் காட்டுவது அத்தகைய கணக்குகளில் ஒன்று. அது நடக்காத காரியம்; ஆகவே அப்படி ஒரு வில்லனும் இருக்க முடியாது. வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "நடக்காத காரியம்" என்ற இடத்தில் சற்று நின்று படியுங்கள். நடக்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சுலபமான வழி இதுவரை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். போதுமான சக்தியுள்ள குவாண்டம் கம்ப்யூட்டர் ஒன்று அமைந்துவிட்டால் இந்தப் பிரிக்கும் கணக்கு எளிதாகிவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். நிரூபணம் முழுவதும் "அந்தக் கணக்கு கடினமாக இருக்கும் வரையில்" என்ற ஒரு வாசகத்தின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு கால் ஊன்றுகோலும் உண்டு. பத்திரம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதைப் பிழிந்து ஒரு சிறு எண்ணாக ஆக்கிக்கொண்ட பிறகுதான் கையெழுத்திடுவார்கள். பிழிகிற இந்தக் கருவியை வைத்துக்கொண்டு நிரூபணம் எழுதுவது சிரமமாக இருந்தது. 1993-ல் பெல்லாரே, ரோகவே என்ற இருவர் ஓர் உபாயம் சொன்னார்கள். அந்தக் கருவியை ஓர் அசரீரி என்று பாவித்துக்கொள்வோம். எதைக் கேட்டாலும் யாரும் எதிர்பாராத ஒரு எண்ணை அது சொல்லும். அதே கேள்விக்கு மறுபடியும் அதே பதிலைச் சொல்லும். அசரீரி கதைக்குள் வந்துவிட்டால் எத்தனை சிக்கல்கள் தீரும் என்று புராணம் கேட்ட நமக்குத் தெரியும். நிரூபணங்களும் சரளமாக வரத் தொடங்கின. ஆனால் உலகத்தில் அசரீரி கிடையாது. அந்த இடத்தில் உட்காருவது ஒரு சாதாரணக் கணக்குமுறை. அசரீரியை நம்பினால் பத்திரமாகவும், அதன் இடத்தில் எந்த நிஜக் கருவியை வைத்தாலும் உடைந்துபோகவும் கூடிய முறைகளை உண்டாக்க முடியும் என்று 1998-ல் கனெட்டி, கோல்ட்ரைக், ஹலேவி மூவரும் காட்டினார்கள். அந்த உதாரணங்கள் வேண்டுமென்றே விபரீதமாகச் செய்யப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு என்று அப்படி யாரும் ஒரு முறையை அமைக்க மாட்டார்கள்.

நீல் கோப்ளிட்ஸும் ஆல்ஃப்ரெட் மெனெஸஸும் விமரிசகர்களாக வந்தது இந்தக் கட்டத்தில்தான். வெளியாட்கள் அல்ல. கோப்ளிட்ஸ், நீள்வட்ட வளைவுகளை வைத்துச் சங்கேத முறை அமைக்கலாம் என்று 1985-ல் யோசனை சொன்ன இருவரில் ஒருவர். மெனெஸஸ் அத்துறையின் பாடப்புத்தகங்களில் பங்கு கொண்டவர். 2004-ல் சுற்றுக்கு விட்டு 2007-ல் ஒரு துறைப் பத்திரிகையில் வெளியான அவர்களுடைய கட்டுரை, "நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பு" என்ற பெயரையே கேள்வி கேட்டது. இங்கே நிரூபிக்கப்படுவது பாதுகாப்பு அல்ல. ஒரு கஷ்டத்தை இன்னொரு கஷ்டத்தோடு முடிச்சுப் போடுவதுதான். அதற்குத் தகுந்த அடக்கமான பெயரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இலக்கியத்திலும் ஒரு நூலின் அட்டையில் போட்ட அடைமொழியை எடுத்துவிட்டுப் படிப்பதுதான் விமரிசனத்தின் முதல் காரியம்.

அவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அளவைப் பற்றியது. வில்லன் ஒரு வருஷத்தில் கள்ளக் கையெழுத்துப் போட்டால், அவனை வைத்து நாம் அந்தக் கடினமான கணக்கை லட்சம் கோடி வருஷத்தில் போட்டுவிடலாம் என்று ஒரு நிரூபணம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் லட்சம் கோடி வருஷத்தில் அந்தக் கணக்கை வில்லன் உதவி இல்லாமலே போட்டுவிடலாமே! இப்படிப்பட்ட நிரூபணம், எட்டாத தூரத்தில் நின்று கம்பைச் சுழற்றுவதைப் போன்றது. கட்டுரைகளின் முன்னுரையில் "நிரூபித்தோம்" என்ற சொல் பெரிதாக இருக்கிறது; இந்தத் தூரம் சூத்திரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

நிரூபணங்களைக் கவனமாகப் படிக்கிற ஆட்களும் குறைவு. கையெழுத்துக்கு நெருங்கிய உறவான மறையாக்கத்தில் நடந்தது இது. பெல்லாரேயும் ரோகவேயும் 1994-ல் கொடுத்த ஒரு முறையைப் பலரும் ஏற்றுக்கொண்டு நிர்ணயங்களிலும் சேர்த்துவிட்டார்கள். அதன் நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை விக்டர் ஷூப் 2001-ல்தான் எடுத்துச் சொன்னார். ஏழு வருஷம்! நடைமுறையில் பயன்பட்ட வகைக்கு வேறு நிரூபணம் எழுதிச் சரி செய்துவிட்டார்கள் என்பது நல்ல காலம்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? இஸ்ரேலைச் சேர்ந்த ஓடெட் கோல்ட்ரைக் 2006-ல் காரமாகப் பதில் எழுதினார். கோப்ளிட்ஸும் மெனெஸஸும் தத்துவ அளவிலேயே தவறு செய்கிறார்கள், கோட்பாட்டு ஆராய்ச்சி எதற்கு என்பதையே அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் கட்சி. பதிலுக்கு அவர் வைத்த தலைப்பில் பின்நவீனத்துவம் என்ற வசைச் சொல் இருந்தது. இலக்கிய உலகத்தில் பழகிய எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அசரீரியை ஒப்புக்கொள்ள மறுக்கிற கண்டிப்புக்காரர் கோல்ட்ரைக். 1998-ல் அதன் குறையைக் காட்டிய மூவரில் அவரும் ஒருவர். நிரூபணங்களைச் சந்தேகிக்கிறவர்கள் என்று பெயர் எடுத்த இருவரோ, அந்த விபரீத உதாரணங்கள் தங்கள் நம்பிக்கையை அசைக்கவில்லை என்று அசரீரியை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இது நம்பிக்கைக்காரருக்கும் நாஸ்திகருக்கும் நடந்த சண்டை அல்ல. எதை நம்பலாம் என்பதில் ஏற்பட்ட சண்டை.

இந்தச் சண்டையில் அடிபட்ட விஷயங்கள் பெரும்பாலும் நிரூபணத்துக்கு உள்ளே இருப்பவை. என் கவலை வேறு. நிரூபணம் சரியாகவே இருந்து, கணக்கும் கடினமாகவே இருந்து, ஆனால் வில்லன் நாம் எதிர்பார்த்த ஆளாக இல்லாமல் போனால்?

பிளேக்-வில்ஸனும் மெனெஸஸும் 1999-ல் எழுதிய ஒரு குறிப்பில் இந்தக் கேள்விக்கு உதாரணம் இருக்கிறது. 1988-ல் வகுத்த இலக்கணத்தில் வில்லன் உங்கள் சாவிக்கு ஒத்து வருகிற கையெழுத்தை உண்டாக்கப் பார்க்கிறான். அவன் அதை விட்டுவிட்டு, நீங்கள் போட்ட உண்மையான கையெழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்து வருகிறபடி தனக்கு ஒரு சாவியைச் செய்துகொண்டால்? மண்ணில் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்து, அளவெடுத்துச் செருப்பு தைத்து மாட்டிக்கொண்டு, "இந்த வழியே நடந்தவன் நான்தான்" என்று சொல்கிறவனைப் போல. பல முறைகளில் இது சாத்தியம். ஆனாலும் இலக்கணப்படி அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கள்ளக் கையெழுத்தே போடவில்லை! வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. வலைத்தளங்களுக்கு இலவசமாக அத்தாட்சி வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் ஸ்தாபனம் 2015-ல் தயாரித்திருந்த நடைமுறையில் இதே ஓட்டை இருந்தது. பிறர் வெளியிட்டு வைத்த கையெழுத்துக்கு ஏற்ற சாவியைச் செய்துகொண்டு, பிறருடைய தளத்தைத் தன்னுடையது என்று ஒருவன் அத்தாட்சி வாங்கியிருக்கலாம். ஒரு ஆராய்ச்சிக்காரர் ஆகஸ்டில் இதைக் கண்டு சொன்னார். பொது ஜனங்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன்பே திருத்திவிட்டார்கள்.

இந்த வில்லனாவது கணிதம் தெரிந்தவன். வேறு சிலருக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. ஸோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டு யந்திரத்தில், நிறுவனம் கையெழுத்திட்ட மென்பொருள்தான் ஓடும். அந்தக் கையெழுத்து முறையில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வந்தது. இரண்டு கையெழுத்துக்களை வைத்துக்கொண்டால் இரண்டு சமன்பாடுகள், தெரியாத எண்கள் இரண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கணக்கு. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் இதை மேடையிலேயே விளக்கினார்கள். 1997-ல் போனே, டெமில்லோ, லிப்டன் மூவரும் வெளியிட்டது இன்னும் விசித்திரம். கையெழுத்திடும் கருவி கணக்கின் நடுவில் ஒரே ஒரு தடவை இடறிவிட்டால் போதும். வேகத்துக்காகப் பலரும் கையாளும் ஒரு வழியில், அந்தத் தவறான விடையிலிருந்தே ரகசியச் சாவி முழுவதும் வெளிவந்துவிடும். கருவிக்குப் போகும் மின்சாரத்தைச் சற்றுத் தடுமாற வைக்கத் தெரிந்தவனே அங்கே வில்லன்.

2022-ல் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். ஜாவா மென்பொருளின் 15 முதல் 18 வரையிலான பதிப்புகளில், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்களை வைத்தால் எந்தப் பத்திரத்துக்கும் "கையெழுத்து சரி" என்று பதில் வந்தது. பூஜ்யம் வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று விதி தெளிவாக எழுதியிருக்கிறது. நிரலைத் திருத்தி எழுதியபோது அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. அந்த வருஷம் ஏப்ரலில் அதைச் சரி செய்து வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஆரக்கிள். தமிழில் சொன்னால், அசரீரி!

இதையெல்லாம் படித்துவிட்டு, நிரூபணமே வீண் வேலை என்று யாராவது முடிவு கட்டினால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோப்ளிட்ஸ், மெனெஸஸ் எழுத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் இதுதான். நையாண்டி சில இடங்களில் அளவு மீறுகிறது. அவர்கள் சொல்லாத முடிவை அவசர வாசகன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். நல்ல நிரூபணத்தின் ஆதரவு இல்லாதவற்றின் கதியைப் பாருங்கள். ரெயின்போ என்ற கையெழுத்து முறையின் பாதுகாப்பு, தெரிந்த தாக்குதல்கள் எதுவும் பலிக்கவில்லை என்பதையே பெரிதும் நம்பியிருந்தது. அமெரிக்க அரசின் நிர்ணய ஸ்தாபனம் நடத்திய தேர்வில் அது கடைசிச் சுற்று வரை வந்தது. 2022-ல் வார்ட் பூலன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், அதன் ஒரு வகையைச் சாதாரண மடிக் கம்ப்யூட்டரில் சராசரி 53 மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார். சனி, ஞாயிறு விடுமுறைக்குள் முடிந்துபோகிற வேலை. நிரூபணம் என்பது ஒரு வாசலை அடைக்கிறது; எந்த வாசலை அடைத்தோம் என்று சொல்லவும் வைக்கிறது. அது பெரிய காரியம். வீட்டுக்கு எத்தனை வாசல் என்று மட்டும் அது சொல்வதில்லை.

இது பண்டிதர்களுக்குள் நடக்கும் வழக்கு என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. எஸ்தோனியா நாட்டில் குடிமக்கள் அடையாள அட்டையைக் கொண்டு போடும் டிஜிட்டல் கையெழுத்துக்குச் சட்டத்தில் மைக் கையெழுத்தின் மதிப்பு உண்டு. 2017-ல் அந்த அட்டைகளின் சில்லு, பகா எண்களை ஒரு குறுக்கு வழியில் தேர்ந்தெடுப்பதாகவும், அதனால் ஊரறிந்த சாவியிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். தேர்வாளர்கள் பரிசோதித்து அத்தாட்சி கொடுத்த சில்லு அது. நவம்பரில் ஏறக்குறைய 7,60,000 அட்டைகளை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. உண்மையைச் சொல்லி, புதுப்பித்துக்கொள்ள வழி செய்த அரசாங்கத்தைப் பாராட்ட வேண்டும். வேறோர் அரசாங்கமானால், "எங்கள் முறை நிரூபிக்கப்பட்டது, கையெழுத்து உன்னுடையதுதான்" என்று சாதித்திருக்கலாம்.

அந்த வாக்கியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நம் நாட்டிலும் 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்தை அங்கீகரித்தது. இக்கையெழுத்தின் சிறப்பாகச் சொல்லப்படுவது, போட்டவர் பின்னால் மறுக்க முடியாது என்பது. நிரூபணம் உண்மையில் என்ன சொல்கிறது? ரகசியச் சாவி இல்லாமல் இந்தக் கையெழுத்தை உண்டாக்குவது கடினம் என்கிறது. சாவி யார் கையில் இருந்தது என்று சொல்லவில்லை. ஒரு சின்னக் கம்பெனி முதலாளியின் சாவி அடங்கிய கருவி ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்தால், டிராயரைத் திறக்கத் தெரிந்தவர் எவரும் முதலாளிதான். கணிதம் அதைக் கண்டுகொள்ளாது. கணிதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவே இல்லை. ஆனால் "நிரூபணம்" என்ற சொல் கணித அறையிலிருந்து புறப்பட்டு, விளம்பரத்தில் ஏறி, வங்கி மேஜையைத் தாண்டி, கோர்ட்டுக்கு வந்து சேரும்போது, அதன் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வழியில் உதிர்ந்துவிடுகின்றன. வந்து சேருவது அந்தச் சொல்லின் கம்பீரம் மட்டும். "நான் கையெழுத்துப் போடவில்லை" என்று கூண்டில் நின்று சொல்கிறவன் பொய்யனாகிவிடுகிறான்.

மைக் கையெழுத்தை மறுப்பவனுக்கு நிபுணரை அழைத்துச் சுழியையும் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லும் உரிமையாவது இருந்தது. டிஜிட்டல் கையெழுத்தில் கை கிடையாது. பார்ப்பதற்கு எண் ஒன்றுதான் இருக்கிறது. ஆகையால் கோப்ளிட்ஸும் மெனெஸஸும் கேட்ட பெயர் மாற்றத்தை வெறும் சொற்சண்டையாக நான் நினைக்கவில்லை. நிரூபணம் எழுதுகிறவர்கள் தங்கள் வில்லனை இன்னும் நன்றாகப் படைக்கட்டும். அவர்கள் படைத்தும் வருகிறார்கள். கடன் பத்திரத்தையோ தீர்ப்பையோ அந்த நிரூபணத்தின் பெயரால் எழுதப் போகிறவர்கள், அந்த வில்லனுக்கு எந்தெந்தக் காரியங்கள் அனுமதிக்கப்படவில்லை என்பதையும் ஒரு தடவை விசாரித்துவிட்டு எழுத வேண்டும். அதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. நாலு நாவல்களைக் கவனமாகப் படித்த பழக்கம் இருந்தால் போதும்.